வசந்தாவுக்குப் போடாத கோடிப் புடவை

சரவணா,

நேற்று மத்தியானம் நம் வீட்டு முன்னறையில் கட்சிக்காரர்கள் உட்கார்ந்து, உன் பிரசாரத்துக்குத் தெருத் தெருவாக வரிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணித் தொட்டித் தெரு என்று எழுதியதும் நான் பேனாவை வாங்கி அந்தப் பெயரை அடித்தேன். அவர்கள் போன பிறகு சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டாய்: "எட்டு வருஷம் ஆச்சிம்மா. உன்ன ஓட்டல்ல அடைச்சி வெச்சிருந்தாங்க, வசந்தா அத்தை சாவுக்கு வர முடியல. புடவைய மாத்தி எடுத்துட்டுப் போனது ரவி. இதுல உன் தப்பு இன்னா இருக்கு? இன்னும் எதுக்கு அந்தத் தெருவுக்குப் பயப்படற?" நான் குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லித் திரும்பிக்கொண்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. நீயும் அதைப் பார்த்தாய்.

நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்தைந்து வருஷமாக மைக்கில் பேசிப் பழகிய வாய் இது. ஆரம்பித்தால் பாதியிலேயே மேடைப் பேச்சாகிவிடும். நானே என்னை நியாயப்படுத்திக்கொண்டு, நானே அழுது, கடைசியில் நீ எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுப்பாய். அந்த வித்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். திங்கட்கிழமை நீ வேட்புமனு கொடுக்க வேண்டும். முன்மொழிபவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைக் கேட்டிருக்கிறாய். நான் அதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, போடப் போவதும் இல்லை. உடனே கோபப்பட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பாதே. முழுக்கப் படி. படித்த பிறகு கட்சி ஆபீசில் யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. இனி ஒளித்து வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

வசந்தாவை உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் வீட்டில்தான் சோறு. நான் கூட்டம் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த வருஷங்களில் உனக்குத் தலை சீவிவிட்டதும், நீ கணக்கில் கோட்டை விட்டதற்குத் தலையில் குட்டியதும் அவள்தான். வசந்தா அத்தை என்பாய். அவள் எனக்கு என்னவாக இருந்தாள் என்பது உனக்குத் தெரியாது. மில்லில் நூல் சுற்றும் பிரிவில் எனக்கு அடுத்த மெஷின் அவளுடையது. நீ மூன்றாவது படிக்கும்போது உன் அப்பா போனார். அதன் பிறகு நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், என் நூல் அறுந்துகொண்டே இருந்தது. அவள் தன் மெஷினையும் பார்த்து என் மெஷினுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தாள். மில்லை மூடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது வாசலில் நின்று கத்திய பொம்பளைகளில் முதல் குரல் அவளுடையது. இரண்டாவதுதான் நான். என் குரல் கொஞ்சம் நீளமாக வந்தது, அதனால் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். என் அரசியல் வாழ்க்கை தொடங்கிய கதை இவ்வளவுதான். மேடையில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன், அதை விடு.

எங்களோடு வேலை பார்த்த ஒரு பெண் செத்துப்போனாள். சாவு வீட்டில் பிறந்த வீட்டுக் கோடியால் சண்டை. கல்யாணமாகிப் போன பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுப் புடவை வந்து அவள் மேல் போட்ட பிறகுதான் தூக்குவார்கள் என்பது உனக்கும் தெரியும். அந்தப் பெண்ணின் அண்ணன் ஏதோ மனத்தாங்கலில் வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். பிறகு காலில் விழாத குறையாகக் கூட்டி வந்தார்கள். வசந்தாவும் நானும் சேர்ந்து திரும்பி நடந்து வந்தோம். அவளுக்கு அப்பா அம்மா சின்ன வயசிலேயே இல்லை, கூடப் பிறந்த ஒரே தம்பியும் காமாலையில் போய்விட்டான். மில் வாசல் வந்ததும் நின்று கேட்டாள்: "எனக்கு யாருடி கோடி போடுவாங்க?" நான் சிரித்தேன். "நான் போடறேன்டி. அரக்குக் கலர்ல, கெட்டிக் கரை போட்டு எடுத்துட்டு வர்றேன், போதுமா?" என்றேன். "சத்தியமா?" என்றாள். "சத்தியமா" என்றேன். அதற்கப்புறம் எங்களுக்குள் சண்டை வரும்போதெல்லாம், "கோடி போட வர மாட்டேன், பார்த்துக்கோ" என்று நான் மிரட்டுவதும், "வராங்காட்டி எழுந்து வந்து ஒதைப்பேன்" என்று அவள் சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

முதல் முறை எனக்குச் சீட்டு கொடுத்தபோது மனுவில் முன்மொழிந்தவள் அவள்தான். பெரிய ஆட்களைப் போடச் சொன்னார்கள். நான் பிடிவாதமாக அவளைத்தான் போடுவேன் என்றேன். அவள் நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல், பக்கத்துக் கட்டம் வரை போய் ஒரு கையெழுத்துப் போட்டாள். "என் பேரு பெருசா இருக்கணும். நாளைக்கு நீ தலைக்கனத்துல ஆடனியானா எல்லாருக்கும் தெரியணும், உன்ன யாரு அனுப்புனாங்கன்னு" என்றாள். நான் ஜெயித்தேன். அடுத்த முறையும் ஜெயித்தேன்.

எம்.எல்.ஏ. வேலை என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில்தானே வளர்ந்தாய். நம் தொகுதியை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு வெயில் ஏறுவதற்குள் நடந்து முடித்துவிடலாம். அதனால் இங்கே யாருக்கும் எம்.எல்.ஏ. என்பவர் தூரத்து ஆள் இல்லை. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கடிதம், ரேஷன் கார்டில் பேர் சேர்க்கக் கடிதம், மருமகன் குடித்துவிட்டு அடிக்கிறான், பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை அடைத்துவிட்டான், எல்லாம் காலை காப்பிக்கு முன்னால் வந்துவிடும். முகூர்த்த நாளில் ஏழு கல்யாணம் என்றால் ஏழு பந்தியிலும் உட்கார வேண்டும். ஒரு வீட்டில் பாயசம் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினால் அந்த வீட்டு ஓட்டு போய்விடும் என்று எனக்குப் பயம். உனக்கு நினைவிருக்கும், என்னால் முடியாத நாட்களில் வாசலில் நிற்பவர்களிடம் "அம்மா குளிக்கறாங்க" என்று சொல்லச் சொல்வேன். நான் உனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பொய் அது. நீ அதை அவ்வளவு அழகாகச் சொல்வாய். ஒரு நாள் ஒரு கிழவர், "உங்கம்மா இன்னா, கடல்லயா குளிக்கறா?" என்று கேட்டுவிட்டு இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணத்துக்குப் போகாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள், ஒரு மாதத்தில் சரியாகிவிடும். சாவுக்குப் போகாவிட்டால் சரியாகாது. ஆண் எம்.எல்.ஏ. என்றால் நேரமானாலும் நேராகச் சுடுகாட்டுக்குப் போய் ஒரு மாலை போட்டுவிடலாம். என்னைப் போன்ற பொம்பளைக்கு அந்த வழியும் இல்லை. வீட்டிலிருந்து எடுப்பதற்குள் போயாக வேண்டும். "அக்கா வர்றாங்களாம், கொஞ்சம் இருங்க" என்று எத்தனையோ வீடுகளில் எனக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பிணத்தைக் காக்க வைப்பதில் என்ன பெருமை என்று அப்போது தோன்றவே இல்லை.

இனி அந்த நாள். நீ அப்போது நம் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிது, கம்பெனி உன்னைப் பயிற்சிக்காகக் கோயம்புத்தூர் அனுப்பியிருந்தது. சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. நம் சபை எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியும், ஒரு தலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் அரசாங்கமே சாயும். அதனால் எங்கள் எல்லாரையும் நாலு நாள் முன்னதாகவே கடலோரத்தில் ஒரு சொகுசு விடுதிக்குக் கூட்டிப்போய் வைத்திருந்தார்கள். செல்போனை வாங்கிக்கொண்டார்கள். மீன் வறுவல், கேரம் போர்டு, ஏ.சி. ஆண்கள் நீச்சல் குளத்தில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கு ஓட்டெடுப்பு என்னும்போது, காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் தலைவரின் உதவியாளர் வந்து குனிந்து சொன்னார், வசந்தா விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டாள், அவள் வீட்டுக்காரர் கலியபெருமாள் ஆள் அனுப்பியிருக்கிறார், மத்தியானம் எடுக்கிறார்கள், கோடி போட நான் வரும் வரை காத்திருப்பதாகச் சொல்லச் சொன்னார் என்று.

நான் தலைவரிடம் போனேன். "ரெண்டு மணி நேரம் குடுங்க, போய்ட்டு வந்துடறேன்" என்றேன். அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. "போங்கம்மா. நான் தடுக்கல, உங்க இஷ்டம். ஆனா இன்னைக்கு வெளியில போன ஒரு ஆளு திரும்பி வரலைன்னா நாளைக்கு நாம யாருமே இல்ல, அதையும் யோசிச்சிக்கோங்க. வாரியத் தலைவர் பதவி விஷயமா வேற நாளைக்குச் சாயங்காலம் உங்ககிட்ட பேசணும்னு இருந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை நடந்தேன். சரவணா, இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எட்டு வருஷமாக உன்னிடமும் ஊரிடமும் அடைத்து வைத்திருந்தார்கள் என்றுதான் சொல்லி வந்தேன். அந்த கேட் பூட்டியிருக்கவில்லை. காவலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து அதை அகலத் திறந்தான். வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு ஆட்டோ நின்றது. ஓட்டுபவர் தலையை நீட்டி, "ஆட்டோ வேணுமாம்மா?" என்று கேட்டார். அங்கிருந்து தண்ணித் தொட்டித் தெருவுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நான் நின்றேன். அரசாங்கம் விழுந்துவிடும் என்று பயந்து நின்றேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. அது நிஜமில்லை. வாரியத் தலைவர் என்றால் கார் வரும், அறை வரும், கதவில் என் பெயர்ப் பலகை வரும் என்று நினைத்தேன். நூல் சுற்றியவள் பெயர் அந்தப் பலகையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். "வேணாங்க, சும்மா நடக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிவிட்டேன்.

உள்ளே வந்து உதவியாளரின் போனைக் கெஞ்சி வாங்கி, அப்போது எனக்கு உதவியாக இருந்த ரவியிடம் பேசினேன். "வசந்தா வீட்டுக்கு ஒரு புடவை எடுத்துட்டுப் போயி என் சார்பா போட்டுட்டு வந்துடு" என்றேன். எந்தப் புடவை, எங்கே போய் வாங்க வேண்டும், என்ன கலர் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நானும் சீக்கிரம் முடிக்கத்தான் பார்த்தேன். முன்னறையில் தலைவர் பிறந்த நாளைக்குக் கொடுத்தது போக மீந்த இலவசப் புடவைக் கட்டு இருந்தது. ரவி அதிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு போனான். நம் வீட்டில் புடவை என்றால் அதுதான் என்று பழக்கியிருந்தவள் நான். யார் வீட்டு விசேஷம் என்றாலும் அந்தக் கட்டிலிருந்துதானே எடுத்துக் கொடுப்பேன்? வெளிர் பச்சை பாலியெஸ்டர். பிளாஸ்டிக் கவரில் ஒரு பக்கம் தலைவர் படம், இன்னொரு பக்கம் கைகூப்பிச் சிரிக்கும் என் படம்.

மூன்று மணி வெயிலில், ஐஸ் பெட்டிகூட இல்லாமல், குளிப்பாட்டித் தயாராக வைத்துவிட்டு எனக்காக உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் ரவி போய் அதை நீட்டியிருக்கிறான். கலியபெருமாள் அந்தக் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். சத்தம் போடவில்லை. "இத எடுத்துட்டுப் போப்பா" என்று மட்டும் சொன்னாராம். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கோடி இல்லாமல் தூக்கவும் மனசில்லை. அப்போது எதிர் வீட்டு லூர்து மேரி உள்ளே ஓடிப்போய், தன் மகளுக்குக் கிறிஸ்துமஸுக்கு என்று எடுத்து வைத்திருந்த புடவையைக் கொண்டு வந்து, "நான்தான் இவளுக்குப் பொறந்த வூடு. தூக்குங்க" என்று சொல்லிப் போட்டிருக்கிறாள். வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறவள். சர்ச்சுக்குப் போகிறவள், கோடி வழக்கமெல்லாம் அவள் வீட்டில் கிடையாது. அன்றைக்கு அவள்தான் வசந்தாவுக்குப் பிறந்த வீடு.

மறுநாள் நான் கையைத் தூக்கினேன், அரசாங்கம் பிழைத்தது, எனக்கு வாரியம் கிடைத்தது. கதவில் பெயர்ப் பலகையும் வந்தது. வீட்டுக்கு வந்ததும் ரவியை முன்னறையில் பத்துப் பேருக்கு நடுவில் நிற்க வைத்துத் திட்டினேன், "அறிவிருக்கா உனக்கு? சாவுக்கு எடுத்துட்டுப் போற புடவையாடா அது?" என்று. அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டான். நான் வேண்டுமென்றேதான் எல்லார் காதிலும் விழும்படி திட்டினேன், அது தண்ணித் தொட்டித் தெரு வரை போய்ச் சேரட்டும் என்று. நீ கோயம்புத்தூரிலிருந்து வந்து அழுதபோது உனக்கும் அதே கதையைத்தான் சொன்னேன். நீ நம்பினாய். நம்பி, ரவியோடு பேசுவதையே நிறுத்திவிட்டாய். அதற்காக உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அவன் கோரிமேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நேற்றுச் சாயங்காலம் போன் செய்து, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். "தெரியும்கா" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

முதல் மாதம் வெட்கத்தால் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. பிறகு போகாமலிருப்பதே பழக்கமாகிவிட்டது. ஓட்டுக் கேட்கும்போதும் தெரு முனையில் ஜீப்பிலிருந்தே கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன். அந்தத் தேர்தலில் தோற்றேன். கட்சிக்காரர்கள் ஆயிரம் காரணம் சொன்னார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று நீ கேட்ட பிறகு இதை முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். இன்று காலை கடை திறந்ததும் போய் அரக்குக் கலரில் கெட்டிக் கரை போட்ட பட்டுப் புடவை ஒன்று எடுத்தேன். கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இந்த முட்டி வலியோடு நடந்தே போனேன். தெரு அப்படியேதான் இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீடு ஒன்றுதான் முன்பு மாடி, இப்போது இன்னும் இரண்டு வீடு மாடியாகியிருக்கிறது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், யாரும் கூப்பிடவில்லை. கலியபெருமாள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார். நானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட் திறந்திருந்ததையும், ஆட்டோ நின்றதையும், நான் திரும்பிப் போனதையும், ஏன் போனேன் என்பதையும் சொன்னேன். மேடையில் பேசுகிற மாதிரி ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அவர் கேட்டுவிட்டு, "தெரியும்" என்றார். "அந்த ஆட்டோக்காரரு அன்னைக்கே ஸ்டாண்டுல வந்து சொல்லிட்டாரு. எம்.எல்.ஏ. அம்மா வெளிய வந்து நின்னாங்க, வண்டி வேணாம்னு உள்ள போயிட்டாங்கன்னு. இந்தத் தெருவுல எல்லாருக்குமே தெரியும். நீ வந்து சொல்லுவியான்னு பார்த்தேன். நீ ரவியத் திட்டனதுதான் வந்துச்சி." எட்டு வருஷமாக நான் யாரிடம் ஒளித்தேனோ அவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாதவன் நீ ஒருவன்தான். புடவையை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் தொடவில்லை. "போட வேண்டியவ போட்டுட்டா. எனக்கு இன்னாத்துக்கு இது? நீ பேச வேண்டிய ஆளு எதிர் வூட்ல இருக்கு" என்றார். டி.வி. சத்தத்தைக் கூட்டினார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், ஆனால் அந்த நிம்மதி எனக்கு வேண்டியதில்லை.

எதிர் வீட்டில் லூர்து மேரி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் மெஷினை நிறுத்தவில்லை. ஜாக்கெட் கையைத் தைத்து முடித்து, நூலைக் கடித்து அறுத்த பிறகுதான் நிமிர்ந்தாள். நான் புடவையை நீட்டி, "உன் மகளுக்கு எடுத்து வெச்சத அன்னைக்குக் குடுத்த. இத வாங்கிக்க மேரி" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாக்கா பேசற நீ? நான் பொறந்த வூடா நின்னு போட்டேன். பொறந்த வூட்டுக்கு யாராவது கோடியத் திருப்பிக் குடுப்பாங்களா? எடுத்துக்கினு போ" என்றாள். நான் எழுந்தேன். வாசல் வரை வந்த என்னைக் கூப்பிட்டாள். "உம் புள்ள நிக்கறானாமே? வசந்தாக்கா கையால சோறு தின்ன புள்ள." ஆமாம் என்றேன். "அவனையும் இந்த மாதிரி கூட்டிம்போயி ஓட்டல்ல வெப்பாங்க இல்ல? அன்னைக்குன்னு இந்தத் தெருவுல ஒரு சாவு வுழுந்தா எழுந்து வந்துடுவானா?" நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். "நீ சொல்லாத. நீ சொன்னா எனக்கு வேலைக்காவாது. அவன் வந்து சொல்லட்டும்."

அதனால்தான் சொல்கிறேன், படிவத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், முன்மொழிபவர் இடம் காலியாக இருக்கிறது. லூர்து மேரியின் பெயர் நம் தொகுதி வாக்காளர் பட்டியலில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். அவளிடம் நான் கையெழுத்துக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நீ. நாளைக்குப் போ. தோளில் துண்டு வேண்டாம், கூட யாரும் வேண்டாம், உன் பெண்டாட்டியைக்கூடக் கூட்டிக்கொண்டு போகாதே. ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பத்தில் குடியிருப்பவன் இங்கே வந்து ஓட்டுக் கேட்கிறான் என்று எதிர்க்கட்சிக்காரன் பேசத்தான் போகிறான், அதைப் பற்றிக் கவலைப்படாதே. ஆற்றைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. அவள் மெஷினை நிறுத்தும் வரை நின்றுகொண்டிரு. வேலை வாங்கித் தருகிறேன், வீட்டுக்குப் பட்டா வாங்கித் தருகிறேன் என்று எதுவும் சொல்லாதே. அவள் மருமகனுக்கு ஏதாவது செய்து கொடுத்தால் தெருவே நம் பக்கம் வந்துவிடும் என்று ஒருவர் நேற்று உன் காதில் ஓதினார் அல்லவா, அந்த ஆளை இனி முன்னறையில் உட்கார வைக்காதே.

அவள் என்னிடம் கேட்டதையே உன்னிடமும் கேட்பாள். எனக்காகவோ கட்சிக்காகவோ ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு போகாதே. முடியாது என்று உனக்கே தோன்றினால் அதைச் சொல்லிவிட்டு வந்துவிடு. வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடு, மேட்டுப்பாளையத்துக்கு வேலைக்குப் போ, கட்சிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ சட்டமன்றம் போகவில்லை என்றால் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் கையெழுத்தோடு போனால் நீயும் என்னைப் போலத்தான் போய் உட்காருவாய், அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். முடியும் என்று சொல்லி, அவள் நம்பி, அந்தக் கட்டத்துக்குள் அடங்கியோ அடங்காமலோ ஒரு கையெழுத்துப் போட்டால், திங்கட்கிழமை நான் உன் கூட வருகிறேன். கடைசி வரிசையில் நிற்கிறேன். புடவை என் பீரோவில் இருக்கும், அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன், நானும் கட்ட மாட்டேன்.

இன்னும் ஒன்று. ஜெயித்தால் உன்னையும் ஒரு நாள் கூட்டிப்போய் எங்காவது வைப்பார்கள். யாரும் உன்னைப் பூட்டி வைக்க மாட்டார்கள், சரவணா. உங்க இஷ்டம் என்றுதான் சொல்வார்கள். கேட் திறந்துதான் இருக்கும். வெளியே யாராவது ஒருவர் ஆட்டோ வேணுமா என்று கேட்பார். வேணும் என்று சொல்.

அம்மா